40 குறையை எழுதிக்கிட்டு ஐரோப்பா போலாமான்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, உன் கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். மேலோட்டமா நீ கேட்டது இது: என்எஸ், அதாவது தேசிய சேவை, முடிச்சிட்டு துவாஸ்ல ஒரு கிடங்குல வேலை பாத்து 5,000 வெள்ளி சேத்து வெச்சிருக்க, எட்டு வருஷமா க்ரூசேடர் கிங்ஸ், யூரோப்பா யூனிவர்சாலிஸ், சிவிலைசேஷன்னு ஸ்ட்ராட்டஜி கேம் மட்டும்தான் ஆடுற, அடுத்து எந்த கம்பெனியாவது ரசிகர்களுக்குன்னு கன்வென்ஷன் வெச்சா டிக்கெட் போட்டு போலாமா, நீ எழுதி வெச்சிருக்குற 40 குறைய டெவலப்பர் கையில குடுத்தா படிப்பாங்களா, அப்படியே வேலைக்கு ஒரு வழி பொறக்குமா. ஆனா உள்ளுக்குள்ள நீ கேக்குறது வேற. இத்தன வருஷம் ஆடி எனக்கு தெரிஞ்சது அவங்களுக்கு எதுக்காவது ஆகுமா, இல்ல நான் டிஎல்சிக்கு, அதாவது கேமுக்கு மேல தனியா விக்கிற துணைப் பகுதிக்கு, காசு கட்டுற இன்னொரு ஆளு மட்டும்தானா, அதான் கேள்வி. முதல் குறையா "சோழனுக்கு கப்பற்படை இல்ல"ன்னு போட்டிருந்த பாரு, அங்கயே உன்ன பிடிச்சிட்டேன்.

நான் யாருன்னு சொல்லிடுறேன், அப்பதான் எதை நம்பணும் எதை தள்ளணும்னு நீயே பாத்துக்கலாம். 13 வருஷமா இங்க சிங்கப்பூர்ல கேம் ப்ரோக்ராமர். பெரும்பாலும் எதிரியோட மூளை, அதாவது ஏஐ எழுதுறதுதான் வேலை. சின்ன ஸ்டூடியோக்கள்தான், அதிகபட்சம் 20 பேர். சன்டெக் மாநாட்டு மையத்துல கண்காட்சி வந்தா எங்க பூத்துல நாள் பூரா நின்னு கால் வீங்கினவன். ஒரு தடவ ரசிகனா, என் கைக்காசு போட்டு ஐரோப்பாவுக்கும் போயிருக்கேன், உன்ன மாதிரியே லிஸ்ட்டோட. பெரிய ஸ்வீடன் கம்பெனியிலயோ அமெரிக்க கம்பெனியிலயோ உள்ள உக்காந்து வேலை பாத்ததில்ல, அதனால அவங்க மீட்டிங் ரூம்ல நடக்குறத நான் கதை விட மாட்டேன்.

மொதல்ல நிச்சயமா தெரிஞ்சத சொல்றேன். க்ரூசேடர் கிங்ஸ், யூரோப்பா யூனிவர்சாலிஸ் ரெண்டையும் போடுற ஸ்வீடன் கம்பெனி பாரடாக்ஸ், அவங்க கன்வென்ஷன் பிடிஎக்ஸ்கான் ஆரம்பத்துல பத்திரிகைக்காரங்களுக்கு மட்டும் இருந்தது, 2017-லதான் ஸ்டாக்ஹோம்ல ரசிகர்களுக்கு கதவ திறந்தாங்க. 2018-லயும் அங்கயே, 2019-ல பெர்லின், அப்புறம் கோவிட் வந்து 2021-ல ஆன்லைன்ல மட்டும் நடந்துச்சு, 2022-ல திரும்ப ஸ்டாக்ஹோம். சிவிலைசேஷன் பண்ற ஃபிராக்ஸிஸ் கம்பெனியும் 2014, 2015-ல மேரிலாண்ட்ல ஃபிராக்ஸிகான்னு ஒண்ணு வெச்சாங்க, சிவிலைசேஷன முதல்ல உருவாக்கின சிட் மையரே வந்து நின்ன நிகழ்ச்சி. இதுல இருந்து புரிஞ்சுக்க வேண்டியது, இதெல்லாம் தைப்பூசம் மாதிரி வருஷா வருஷம் தவறாம வர்ற விஷயம் இல்ல. கம்பெனிக்கு அந்த வருஷம் காட்ட சரக்கும் கையில காசும் இருந்தா வைப்பாங்க, இல்லாட்டி ஒரு வீடியோ போட்டு முடிச்சிடுவாங்க. அதனால தேதி அறிவிக்காம லீவு போடாத, டிக்கெட் போடாத.

போனா என்ன இருக்கும்? மேடையில ஒரு அறிவிப்பு, கைதட்டல், இன்னும் வெளிவராத கேம 30 நிமிஷம் 40 நிமிஷம் ஆட விடுவாங்க, டிசைனர் ஒரு உரை, ஒரே மேப்புல பல பேர் சேந்து ஆடுற பெரிய மல்டிப்ளேயர் ஆட்டம், சாயந்திரம் பீர். மேடையில இருக்குறவங்க கிட்ட வெளியீட்டு தேதி, அடுத்த டிஎல்சி எதுன்னெல்லாம் கேட்டு வாய பிடுங்க முடியாது. திமிருன்னு நினைக்காத. பாரடாக்ஸ் 2016-லயே பங்குச்சந்தையில ஏறின கம்பெனி, ஃபிராக்ஸிஸ் டேக்-டூ கைல, டோட்டல் வார் பண்ற க்ரியேட்டிவ் அசெம்ப்ளி செகா கைல. ஒரு தேதிய தப்பா உளறினா அது பங்கு விலைய தொடுற சமாச்சாரம். அதான் ரசிகர்கள கவனிச்சுக்குற கம்யூனிட்டி மேனேஜர் பக்கத்துலயே நின்னு சிரிச்சுக்கிட்டே இருப்பாங்க, நாம பேச்ச எங்க கொண்டு போறோம்னு காது மட்டும் இந்த பக்கம் இருக்கும்.

இன்னொன்னு, அந்த கைதட்டல நம்பாத. 2018-ல ஸ்டாக்ஹோம்ல பாரடாக்ஸ் இம்பரேட்டர் ரோம்ங்கற கேம அறிவிச்சப்போ கொண்டாடினாங்க. 2019 ஏப்ரல்ல கேம் வந்ததும் திட்டு வாங்கிச்சு. அரசனோட பவர் பாயிண்ட்ட சேத்து வெச்சு ஒரே க்ளிக்ல எல்லாத்தையும் வாங்குற முறை யாருக்கும் பிடிக்கல. அஞ்சே மாசத்துல, 1.2 பேட்ச்ல, அதாவது திருத்தப் பதிப்புல, அந்த முறையவே தூக்கினாங்க. 2021 பிப்ரவரியில 2.0 வந்து கேம் உருப்படியா ஆச்சு, ஆனா அடுத்த ரெண்டே மாசத்துல வேலைய நிறுத்தி வெச்சிட்டாங்க. 2019-ல பெர்லின்ல க்ரூசேடர் கிங்ஸ் 3 அறிவிச்சப்பவும் அதே சத்தம்தான், அது 2020 செப்டம்பர்ல வந்து ஊரே கொண்டாடிச்சு. ஹால்ல எழும்புற சத்தத்த வெச்சு கேம எடை போட முடியாது. அது ரசிகரோட பசியத்தான் காட்டும்.

சரி, உன் லிஸ்ட்டுக்கு வருவோம். நான் போனப்போ எந்த வருஷம், எந்த கம்பெனிங்கறது வேணாம். நாலு பக்கம், பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ்ல பிரிண்ட் போட்டு ஸ்பைரல் பைண்டிங் வேற. எனக்கே சிரிப்பா இருக்கு இப்ப. காபி மேஜை பக்கத்துல ஒரு டிசைனர் தனியா நின்னுட்டு இருந்தாரு, போய் நீட்டினேன். அவர் கைய பாக்கெட்ட விட்டு எடுக்கவே இல்ல. மரியாதையாத்தான் சிரிச்சாரு, ஆனா வாங்கல. சிங்கப்பூர்ல இருந்து 13 மணி நேரம் ஃப்ளைட்ல வந்திருக்கேன்டா மவனேன்னு உள்ள கொதிச்சுது. அவர் வாங்காம ஒரு கேள்வி கேட்டாரு: கடைசியா எந்த ஆட்டத்த பாதியில விட்டே, அப்ப ஸ்க்ரீன்ல என்ன இருந்துச்சு?

யோசிச்சு சொன்னேன். விஜயநகரம் எடுத்து ஆடுறேன், தக்காணம் முழுக்க பிடிச்சாச்சு, கேம்ல 1610 வாக்குல இருக்கும், எதிரின்னு சொல்ல யாரும் இல்ல, ஆனா நாலு மூலையிலயும் கலகக்காரங்க எழுந்துக்கிட்டே இருக்காங்க, ஒரே படைய இங்கயும் அங்கயும் நகத்தி அடிச்சு அடிச்சு, மணி 12 தாண்டி மூடினேன், அதோட அந்த சேவ் ஃபைல திறக்கவே இல்ல. அவர் சட்டைப்பைல இருந்து ஒரு குட்டி நோட்டு எடுத்தாரு. மூடும்போது "இனி இது வேணாம்"னு மூடினியா, "நாளைக்கு பாத்துக்கலாம்"னு மூடினியான்னு கேட்டாரு. நாளைக்குன்னுதான்னேன். அத அடிக்கோடு போட்டு எழுதினாரு. நாலு பக்க பேப்பர தொடாத மனுஷன், அந்த ஒரு வார்த்தைக்கு பேனா எடுத்தாரு.

ஏன் வாங்கலன்னு ரெண்டு வருஷம் கழிச்சு எங்க ஸ்டூடியோவுக்கே ஒரு வக்கீல் வந்து வகுப்பு எடுத்தப்பதான் புரிஞ்சுது. வெளி ஆளு எழுத்துல குடுக்குற ஐடியாவ கையில வாங்கிட்டா, நாளைக்கு தற்செயலா அதே மாதிரி ஒரு அம்சம் கேம்ல வந்தா "என் ஐடியாவ திருடிட்டாங்க"ன்னு வழக்கு வரலாம். அதுக்குத்தான் நிறைய ஸ்டூடியோக்கள்ல கண்காட்சிக்கு போறவங்களுக்கு முதல் பாடமே பேப்பர் வாங்காதே. உன் கையெழுத்துல 40 குறை போன இடம் குப்பைத்தொட்டியா இருந்தா அவமானமா எடுத்துக்காத, அது பயம்.

ரெண்டாவது காரணம் இன்னும் முக்கியம். எத்தனாவது டர்ன்ல ஆளுங்க கேம மூடுறாங்க, எந்த நாட்ட எடுக்குறாங்க, எந்த பட்டன யாரும் தொடவே இல்லங்கறது டெலிமெட்ரியில, அதாவது கேம் தானா அனுப்புற கணக்குல, ஏற்கனவே அவங்க கிட்ட இருக்கு. ஸ்டீம்ல அச்சீவ்மென்ட் பக்கம் போய் பாரு, பெரிய ஸ்ட்ராட்டஜி கேம் எதுலயும் கடைசி வரைக்கும் ஆடினவங்க கொஞ்சம் பேர்தான்னு உனக்கே தெரியும். எங்க விட்டாங்கன்னு எண்ணிக்கை சொல்லும், ஏன் விட்டாங்கன்னு அது சொல்லாது. அந்த ஏன் உன் வாய்லதான் இருக்கு. உன் லிஸ்ட்ல 40-ல 35, "இத சேருங்க, அத எடுங்க"ன்னு தீர்வா எழுதியிருக்க. தீர்வு யோசிக்கத்தான் அவங்களுக்கு சம்பளம். நீ எங்க மாட்டினங்கறதுதான் அவங்க கிட்ட இல்லாத சரக்கு.

இதுக்கு ஊரறிஞ்ச உதாரணம் சிட் மையர் 2010-ல சான் பிரான்சிஸ்கோவுல கேம் டெவலப்பர்களோட ஜிடிசி மாநாட்டுல பேசினது. சண்டையில பலம் 3-க்கு 1-னு காட்டும், கணக்குப்படி நாலுல ஒரு தடவ தோக்கணும், ஆனா ஆடிப் பாத்தவங்க தோத்ததும் கேம்ல கோளாறுன்னாங்க. நாமதானே மூணு மடங்கு பெருசுன்னு அவங்க நியாயம். அதே ஆளுங்க 1-க்கு 3-னு தாங்க பலவீனமா இருந்து ஜெயிச்சா கோளாறுன்னு சொல்ல மாட்டாங்க, நம்ம தந்திரம்னு சொல்லிப்பாங்க. 2-க்கு 1 ஒரு மாதிரி, 20-க்கு 10 வேற மாதிரின்னு கூட தோணுச்சாம், ரெண்டும் ஒரே விகிதம்தான். அவர் என்ன பண்ணாரு, கணக்கு பாடம் எடுக்கல, கேம மாத்தினாரு, அடுத்தடுத்து தோக்காதபடி முந்தின சண்டையோட முடிவையும் சேத்து கணக்கு போட வெச்சாரு. 2012-ல அதே ஃபிராக்ஸிஸ் போட்ட எக்ஸ்காம் கேம்லயும் சுலபமான லெவல்ல தொடர்ந்து குறி தப்பினா உனக்கு தெரியாமலே அடுத்த அடிக்கு வாய்ப்ப ஏத்தி குடுக்கும். பாரு, ரசிகன் சொன்ன காரணம் தப்பு, ஆனா வலி நிஜம். கேம் மாறினது வலிக்கு.

நானே இத பட்டுத்தான் கத்துக்கிட்டேன். சன்டெக்ல ஒரு கண்காட்சி, எங்க டெமோ சின்னது, நாலு தீவு ராஜ்யம், 20 டர்ன். பூத்துக்கு ஒரு மாமா வந்தாரு, 60 வயசு தாண்டியிருக்கும், பேரன் பக்கத்து வரிசையில நிக்கிறான், இவருக்கு உக்கார ஒரு நாற்காலி வேணும், அவ்வளவுதான். "என்ன தம்பி இது, சண்டையா?"ன்னு கேட்டுக்கிட்டே ஐபேட வாங்கினாரு. முன்னாடி துறைமுகத்துல கிடங்கு பாத்தவராம். மனுஷன் ஒரு படைய கூட கட்டல. அரிசி கிடங்கு கட்டினாரு, நிரப்பினாரு, இன்னொரு கிடங்கு கட்டினாரு. நான் பின்னாடி நின்னு "மாமா, வாள் பட்டன் அங்க இருக்கு"ன்னு சொல்ல வாய் வந்து வந்து முழுங்கினேன். ஆடுறவனுக்கு சொல்லிக் குடுக்கக்கூடாதுங்கறது பூத்து விரதம். 14-ஆவது டர்ன்ல நிமிந்து பாத்து, "எதிரி ஏன் வரவே மாட்டேங்குறான், பயந்தாங்கொள்ளியா?"ன்னாரு. கொஞ்ச நேரம் கழிச்சு யோசனையும் சொன்னாரு: "அவனுக்கு இன்னும் நாலு யானை குடுப்பா."

அன்னிக்கு ராத்திரி கோட திறந்து பாத்தா தப்பு என்னுது. நகரத்துல சாப்பாடு ஜாஸ்தி இருந்தா முற்றுகை தாங்கும், தாங்கினா ஜெயிக்க முடியாது, ஜெயிக்க முடியாதுன்னா கிளம்பாதேன்னு ஏஐக்கு எழுதி வெச்சிருந்தேன். அரிசி ஒரு அளவு தாண்டினா எதிரிக்கு அந்த தீவு இல்லாத மாதிரியே ஆயிடும். எங்க சோதனை ஆளுங்க ஆறு பேரும் வந்ததும் வாள தூக்குற ரகம், ஒருத்தர் கூட சேத்து வெச்சு பாக்கல. இப்ப மாமா சொன்னபடி நாலு யானை குடுத்திருந்தா? ஒண்ணும் ஆகியிருக்காது, நாலு யானையும் வீட்டுலயே நின்னிருக்கும். நகரத்த பிடிக்க முடியலன்னாலும் கிடங்க மட்டும் கொள்ளையடிச்சிட்டு ஓடலாம்னு ஏஐக்கு ஒரு வழி சேத்தேன், கேம் உயிர் வந்துச்சு. யோசனை தப்பு, புகார் தங்கம். அந்த மாமா பேரு கூட கேக்கல நான், இன்னும் உறுத்துது.

இப்ப உன் சோழன். நீ எழுதினது "கடற்போர் சேருங்க". க்ரூசேடர் கிங்ஸ் 3-ல கடற்போர் கிடையாது, படைய கப்பல்ல ஏத்த தங்கம் குடுத்தா அது பாட்டுக்கு மிதந்து போகும், இது அவங்க தெரிஞ்சே எடுத்த முடிவு. அதுல போய் ஒத்தை வரியில சேருன்னா தலையாட்டிட்டு போயிடுவாங்க. ஆனா உன் நிஜமான வயித்தெரிச்சல் வேற: 1025-ல ராஜேந்திரன் கடாரத்துக்கு கப்பல் விட்டான், தஞ்சாவூர் கல்வெட்டுல ஊர் ஊரா பேர் இருக்கு, கடாரம்னா இன்னிக்கு கெடா, இங்க இருந்து பஸ்ஸுல போயிட்டு வர்ற தூரம், அத சோழனா உக்காந்து ஆடுற என்னால பண்ண முடியல. கேம் 867-லயும் 1066-லயும் ஆரம்பிக்குது, 2024-ல 1178-உம் சேத்தாங்க, 1014-ல இருந்து 1044 வரை ஆண்ட ராஜேந்திரன் மூணுலயும் சிக்க மாட்டான். மேப்பே ரொம்ப நாள் பர்மா பக்கத்தோட முடிஞ்சு போச்சு, 2025 அக்டோபர்ல வந்த ஆல் அண்டர் ஹெவன் டிஎல்சியிலதான் தென்கிழக்காசியா உள்ள வந்துச்சு. அதனால உன் முதல் குறையில பாதி ஏற்கனவே காலாவதி, அத பாத்து திருத்து. மீதி பாதி இன்னும் உயிரோட இருக்கு: 1066-ல சிம்மாசனத்துல இருக்குற வீரராஜேந்திரன் காலத்து கல்வெட்டும் கடாரத்த பிடிச்சு அங்க உதவி கேட்டு வந்த அரசனுக்கே குடுத்ததா சொல்லுது. அந்த மாதிரி ஒரு படையெடுப்புக்கு, பிடிச்சு வெச்சுக்காம திருப்பி குடுத்துட்டு வர்ற போருக்கு, கேம்ல என்ன காரணம் காட்டி போர் தொடுக்கணும், முடிச்சா என்ன கிடைக்கணும்? இப்படி கேளு, டிசைனர் நாற்காலிய இழுத்து போட்டு உக்காருவாரு. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ல 2022-லயே ராஜேந்திரனுக்குன்னு கேம்பெயின் வந்துச்சு, திரிசடைன்னு கப்பல் கூட இருக்கு, சிவிலைசேஷன் 7-லயும் சோழர் இருக்காங்க, ஆக நம்ம ஆளு பேர் தெரியாதவன்னு புலம்ப வேண்டியதில்ல.

உன் லிஸ்ட்ல ஏழெட்டு இடத்துல வர்ற "ஏஐ ஏமாத்துது" பத்தியும் சொல்லணும், என் சோறே அதுதான். ஆமா, ஏமாத்துது. சிவிலைசேஷன் 6-ல டெய்ட்டிங்கற ரொம்ப கஷ்டமான லெவல்ல நீ நகரம் அமைக்கிற ஒரு செட்லரோட ஆரம்பிக்கும்போது அது மூணோட ஆரம்பிக்கும். மறைக்கல, எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். புத்திசாலி ஏஐ எழுதுங்கன்னா, ஒவ்வொரு டர்னுக்கும் நீ காத்திருக்குற நேரம் ஏறும், அதோட நல்லா ஆடுற ஏஐ உன்ன இரக்கமில்லாம அடிக்கும், நாலு பக்கத்துல இருந்தும் கூட்டு சேந்து நீ ஜெயிக்கப்போற நேரம் பாத்து கழுத்த அறுக்கும், மனுஷங்க மல்டிப்ளேயர்ல பண்றது அதான். அப்படி ஒண்ண நான் ஒரு தடவ எழுதி ஆபீஸ்ல ஆட விட்டேன், ரெண்டு நாள் யாரும் எங்கூட சாப்பிட வரல. ஆளுங்களுக்கு வேண்டியது தோக்கடிக்கிற எதிரி இல்ல, தோக்குறதுக்கு முன்னாடி நல்லா போராடுற எதிரி. இது என் கருத்து, இதுல என்னோட சண்டை போடுற ஏஐ ப்ரோக்ராமர்ஸ் இருக்காங்க.

இப்ப சந்தேகமான பகுதி. நேர்ல போய் சொன்னா கேம் மாறுமா? ஒரு பேச்சுல இருந்து ஒரு பேட்ச் வரைக்கும் நூல் பிடிச்சு காட்ட யாராலயும் முடியாது. அதே குறைய ஆயிரம் பேர் எழுதியிருப்பாங்க, உள்ள இருக்குறவங்களே சொல்லியிருப்பாங்க, நீ கடைசியா தட்டின கதவா இருப்ப. கூட்டமா, முன்கூட்டியே, ஆதாரத்தோட சொன்னது வேலை செஞ்சிருக்கு, அது தெரியும். நாலாவது சிவிலைசேஷன், 2005-ல வந்தது, அதுக்கு வெளியீட்டுக்கு ரொம்ப முன்னாடியே ரசிகர் குழு ஒண்ணு உள்ள இருந்து ஆடிப் பாத்துச்சு. யூரோப்பா யூனிவர்சாலிஸ் 5-ஐ பத்தி பாரடாக்ஸ்காரங்க 2024 பிப்ரவரியில இருந்தே, பேரக்கூட சொல்லாம, வாரா வாரம் எழுதி, மேப்ப பகுதி பகுதியா போட்டு எங்க தப்புன்னு கேட்டாங்க, 2025 நவம்பர்லதான் கேம் வந்துச்சு. தமிழ்நாட்டு மேப்புல ஊர் பேர் தப்புன்னா அதுக்கு ஸ்டாக்ஹோம் போகாத, விக்டோரியா ஸ்ட்ரீட் தேசிய நூலகத்துல ஒரு சனிக்கிழமை உக்காந்து புத்தகத்த பாத்து, பக்க எண்ணோட எழுதி அனுப்பு. அது உன் ஃப்ளைட் டிக்கெட்ட விட பலமா பேசும்.

வேலை? கன்வென்ஷன்ல கைகுலுக்கி வேலை வாங்கினவங்கள நான் பாத்ததில்ல. ஏதாச்சும் ஒண்ண கட்டி காட்டினவங்க போயிருக்காங்க, அதுக்கு சாட்சி நிறைய. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-க்கு ஃபர்காட்டன் எம்பயர்ஸ்னு ரசிகர்கள் பண்ண மாட், அதாவது கேம் மேல ரசிகரே கட்டின மாற்றம், 2013-ல அதிகாரபூர்வ விரிவாக்கமாவே வந்துச்சு, நான் மேல சொன்ன ராஜேந்திரன் கேம்பெயினும் அந்த டீம் கை வெச்சதுதான். எக்ஸ்காமுக்கு லாங் வார் மாட் பண்ணவங்க எக்ஸ்காம் 2 வெளியான நாளுக்கே ஃபிராக்ஸிஸ்க்காக மாட் பண்ணி குடுத்தாங்க, அப்புறம் டெரா இன்விக்டான்னு சொந்த கேமே போட்டாங்க. சிவிலைசேஷன் 5-க்கு தலைமை டிசைனரான ஜான் ஷேஃபர் மாட் பண்ணிக்கிட்டு இருந்த ரசிகன். 6-க்கும் 7-க்கும் தலைமை தாங்கின எட் பீச் போர் பலகை விளையாட்டு வடிவமைச்சவரு. உன் 40 குறையில ஒண்ண, சின்னதா ஒரே ஒண்ண, நீயே மாட் பண்ணு. க்ரூசேடர் கிங்ஸ் ஃபைலெல்லாம் சாதாரண டெக்ஸ்ட்தான், நோட்பேட்ல திறக்கும். கடாரப் படையெடுப்புக்கு ஒரு ஈவென்ட் எழுத மூணு வாரம் ஆகும்னு வை. அத லேப்டாப்ல வெச்சுக்கிட்டு போய் நின்னா பேச்சே வேற.

காசு விஷயம். சிங்கப்பூர் பாஸ்போர்ட்னா ஷெங்கன் நாடுகளுக்கு 90 நாள் வரை விசா வேணாம், இந்தியா பாஸ்போர்ட்ல பிஆரா, அதாவது இங்க நிரந்தரவாசியா, இருந்தா வேணும், கைரேகை வைக்க போகணும், அதுக்கு நேரம் ஒதுக்கு. நான் போனப்போ டிக்கெட், தங்கல், சாப்பாடு எல்லாம் சேத்து ஏறக்குறைய 3,000 வெள்ளி ஆச்சு, அதுவும் ஹாஸ்டல்ல படுத்து, கடையில வாங்கின ரொட்டிய தின்னு. உன் 5,000-ல பாதிக்கு மேல ரெண்டு நாளுக்கு கரைக்குறது எனக்கு மனசு வரல, அதுவும் முதல் தடவையே. இங்க சன்டெக்ல 2014-ல இருந்து 2019 வரை கேம்ஸ்டார்ட் நடந்துச்சு, அப்புறம் கேம்ஸ்காம் ஏஷியா 2024 வரைக்கும், 2025-ல அது பாங்காக் போயிடுச்சு. பாங்காக் ரெண்டரை மணி நேர ஃப்ளைட், சீக்கிரம் போட்டா சல்லிசு. பெரிய ஸ்ட்ராட்டஜி பேர் அங்க கம்மிதான், ஒத்துக்குறேன். ஆனா மூலையில ஒரு மடக்கு மேஜை, ரெண்டு பேர், ஒரு லேப்டாப்னு இருக்குற பூத்துக்கு போ. அங்க உன் கூட பேசுறவரே கோட் எழுதினவரு, கம்யூனிட்டி மேனேஜர் யாரும் நடுவுல இல்ல, ராத்திரியே திருத்திட்டு மறுநாள் கூப்பிட்டு காட்டுவாரு. அதுக்கும் முன்னாடி, கேம் டெவலப்பர்கள் சங்கமான ஐஜிடிஏவோட சிங்கப்பூர் கிளை கூட்டங்களுக்கு போய் பழகு, எம்ஆர்டி காசுதான்.

இங்கிலீஷ் பத்தி வெக்கப்பட்டு ஒரு வரி எழுதியிருந்த. ஸ்டாக்ஹோம்காரங்களுக்கும் அது பள்ளிக்கூடத்துல படிச்ச பாஷைதான். உன் சிங்கப்பூர் இங்கிலீஷ் "லா" "லோர்" எல்லாம் அங்க யாரும் கவனிக்க மாட்டாங்க, மெதுவா பேசு போதும். என் ஸ்பைரல் பைண்டிங்க விட அது நூறு மடங்கு மேல்.

அப்புறம், உன் லிஸ்ட்ல 31-ஆவதா போகிற போக்குல ஒரு வரி போட்டிருந்த, "மகன் பட்டத்துக்கு வந்ததும் ஆட்டம் சலிச்சு போச்சு, ஏன்னு தெரியல." மீதி 39-ஐ ஒரு பக்கம் வெச்சிடு. அந்த சேவ் ஃபைல் இன்னும் இருந்தா திற. எந்த வருஷம், அப்பன் எப்படி செத்தான், மகன் கையில என்னென்ன இருந்துச்சு, அந்த ராத்திரி நீ கடைசியா எந்த பட்டன அமுக்கின, மூடும்போது வேணாம்னு மூடினியா இல்ல நாளைக்குன்னா. அத மட்டும் ஒரு பக்கம் எழுதி எனக்கு அனுப்பு, நான் படிக்கிறேன்.